ரெயிலை நான் வெட்டவில்லை, காக்காதான் வெட்டினார்

சிவமயம்

திருக்கோணமலை,
1942 ஆவணி, புதன்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான் கதிரவேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை இராசமலரைக் கைப்பிடித்த இரத்தினசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. கோணேசர் புண்ணியத்தில் நான் சுகம். வீட்டுக் கூரையும் ஏறக்குறையச் சுகம். அங்கே வெருகலில் நீங்களும், உங்கள் வீட்டாரும், மாடுகன்றுகளும், உங்களிடம் அடைக்கலமாக இருக்கும் என் மனைவியும் மகளும் சுகமாயிருக்க வெருகல் முருகனை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னதாகத் திறந்து வாசிக்கப்போகும் தணிக்கை ஐயா அவர்களும் சுகமாயிருக்கவேண்டும். ஐயா, போன கடிதத்தில் தாங்கள் வெட்டிய சன்னல்களுக்குள்ளால் தன் மாட்டுப்பட்டி முழுதும் தெரிந்ததாக மச்சான் எழுதியிருந்தார். இந்தக் கடிதத்தில் கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை. பிள்ளைகள் விளையாடுகிற ஒரு ரெயில் விளையாட்டை எப்படி விளையாடுவது என்பதுதான் இருக்கிறது. ஆனாலும் வேண்டிய இடத்தில் வெட்டுங்கள். இந்த ஊரில் இப்போது வெட்டுவதற்கு அனுமதி உள்ளவர் தாங்கள் ஒருவர்தான். அது ஏன் என்பது கீழே வரும்.

மச்சான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். யப்பான்காரன் வந்து குண்டு போட்ட அந்தக் காலைக்குப் பிறகு எங்கள் தங்கேஸ்வரி எந்த ஊதல் சத்தம் கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனது உங்களுக்குத் தெரியும். சைரன் ஊதினாலும் போனாள், கப்பல் ஊதினாலும் போனாள், கடைசியில் ரெயில் ஊதினாலும் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் என் தோளில் ஏறியிருந்து, ரெயில் ஊதும்போது கைதட்டின பிள்ளை. அதனால்தான் அவளையும் தாயையும் உங்களிடம் அனுப்பினேன். நான் துறைமுகக் களஞ்சியத்தில் கயிறும் கப்பலுக்குப் பூசுகிற பெயின்ரும் எண்ணிக் கொடுக்கிற ஆள். யுத்தம் முடியும்வரை லீவு என்ற சொல்லையே வாயில் எடுக்கக்கூடாதாம். போன கிழமை இராசமலர் எழுதியிருக்கிறாள்: பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆற்றில் குளிக்கிறாள், ஆனால் "அந்த ஊருக்கு நான் இனி வரமாட்டன், அங்க எல்லாம் ஊதும், அப்பா வேணுமெண்டால் இஞ்ச வரட்டும்" என்று நிற்கிறாளாம். மச்சான், நான் இல்லாத ஊரில் அவள் சந்தோசமாக இருப்பது எனக்குச் சந்தோசம்தான். ஆனால் நான் இருக்கிற ஊரை அவள் வேண்டாம் என்று சொல்வதை என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. சோற்றில் கை வைத்தால் அந்த வரிதான் ஞாபகம் வருகிறது.

இப்படியிருக்க, எங்கள் களஞ்சியத்துக்கு வந்து போகிற ஒரு வெள்ளைக்காரத் துரை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியில் புகை விடுகிற இஞ்சின் படம். அவருடைய பிள்ளைகள் இரண்டையும் கப்பலேற்றி எங்கேயோ தூரத்துக்கு அனுப்பிவிட்டாராம். இனி இதை விளையாட வீட்டில் ஆளில்லை, உன் பிள்ளைக்குக் கொடு என்றார். சொல்லிவிட்டுக் கயிற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானும் அதே கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்டிக்குள் ஒரு அட்டை, தகரத்தில் செய்த நாலு சின்ன இஞ்சின், ஒரு தாயக்கட்டை. எங்களுடைய நீட்டுக் கட்டை இல்லை, ஆறு முகம் உள்ள சதுரக் கட்டை. விதிகள் மூடியின் உட்பக்கத்தில் இங்கிலீசில். அதைத் தமிழாக்கித் தருகிறேன், நீங்கள் மாலையில் பிள்ளையை இருத்தி வாசித்துக் காட்டவேண்டும். முதலாவது விதி: ஆறு விழுந்தால்தான் இஞ்சின் நிலையத்தை விட்டு வெளிக்கிடலாம். மச்சான், ஆறு என்றால் எண். உங்கள் வாசலில் ஓடுகிற வெருகலாறு இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆறு எங்கே விழுந்தது என்று பார்க்க ஓடிவிடுவார்கள். இரண்டாவது விதி: விழுகிற எண்ணுக்கு ஏற்ப, அட்டையில் கீறிய பெட்டிகளில் ஒவ்வொன்றாக நகர வேண்டும். மூன்றாவது விதிதான் முக்கியம், அதற்காகத்தான் இந்தச் சங்கடம் எல்லாம் பட்டேன்: நிலையத்தை விட்டு வெளிக்கிடும்போது விளையாடுகிறவரே வாயால் ஊதவேண்டும். 'கூ' என்று நன்றாக ஊதவேண்டும். இதை நான் மூன்று தரம் வாசித்தேன். ஊதுவது வேறு ஆரோ என்றால்தானே பயம்? தானே ஊதினால் பிள்ளைக்கு என்ன பயம்? பத்துத்தரம் தன் வாயால் ஊதினாளென்றால் பதினோராம் தரம் ரெயில் ஊதும்போது, ஓம், இது என்ட சத்தம்தானே என்று நினைப்பாள். வைத்தியர் எவரும் எழுதித் தராத மருந்து, மச்சான்.

மருந்தென்றாலும் முதலில் பெரியவர்கள் குடித்துப் பார்க்க வேண்டுமே. அதனால் ஞாயிறு மத்தியானம் பக்கத்து அறையில் குடியிருக்கும், மூத்தவர் என்பதால் அண்ணன் முறை வைத்து நான் காக்கா என்கிற, கலீலுர் றஹ்மான் காக்காவைக் கூப்பிட்டேன். கிண்ணியாவில் இருந்து விறகும் தேங்காயும் கொண்டுவந்து விற்கிறவர். தாயம் விளையாட்டில் அந்தப் பகுதியிலேயே அவரை வெல்ல ஆளில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் இங்கிலீசை வாசித்து வாசித்து விளக்கினேன். ஒரு பெட்டியில் 'மிஸ்' என்று தொடங்கி ஏதோ எழுதியிருந்தது. ஒரு முறை ஆடாமல் சும்மா இருக்கவேண்டும் என்பது பொருள். காக்கா, "மிஸ் எண்டால் கலியாணம் ஆகாத பொம்புளைதானே, அவ என்னத்துக்கு ரெயில் தண்டவாளத்துல நிக்கிறா?" என்று கேட்டார். அதைத் தெளிவாக்கவே கால்மணி நேரம் போயிற்று. அட்டையில் இருந்த நிலையங்களின் பெயர்கள் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. ஆகவே அவற்றின்மேல் கடதாசித் துண்டு ஒட்டி, நம்முடைய பாதைப் பெயர்களையே எழுதினேன்: திருக்கோணமலை, சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய். தணிக்கை ஐயா மன்னிக்கவேண்டும், இந்தப் பெயர்கள் ஏற்கனவே பொலிசுப் புத்தகத்தில் ஏறிவிட்டன. இனி அவற்றில் இரகசியம் ஒன்றும் இல்லை.

விளையாட்டுத் தொடங்கி என் இஞ்சின் சீனன்குடாவில் நின்றது. காக்காவின் இஞ்சினும் அதே பெட்டிக்கு வந்தது. இங்கிலீசு விதிப்படி பிந்தி வந்தவர் வெளியே காத்திருக்க வேண்டும். காக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "சிங்கத்தார், வெட்டு இல்லாத வெளையாட்டு ஒரு வெளையாட்டா? தாயத்துல ஒரு கட்டத்துக்கு ரெண்டு காய் வந்தா என்ன செய்வம்? வெட்டுவம். வெட்டுப்பட்ட காய் பழையபடி வீட்டுக்குப் போகும்" என்றார். ரெயிலை எப்படிக் காக்கா வெட்டுவது என்று கேட்டேன். "காயை வெட்டுற மாதிரித்தான்" என்று என் இஞ்சினைத் தூக்கித் திருக்கோணமலையில் வைத்துவிட்டார். எனக்கும் சூடு பிடித்துவிட்டது. அடுத்த ஆட்டம் கந்தளாயில் வைத்து நான் அவரை வெட்டினேன். மச்சான், வெட்டு வந்தபிறகுதான் அந்த விளையாட்டுக்கு உயிர் வந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துக் காக்காவுக்கு ஆறு விழுந்தது. முதல் தரம் கூச்சத்தில் மெல்ல ஊதினவர், இந்தத் தரம் விதிப்படி முழுக்குரலில் ஊதினார். மச்சான், அவர் வள்ளத்தில் நின்று அடுத்த கரைக்குக் குரல் கொடுத்துப் பழகினவர். அவர் விட்ட 'கூ'வில் எங்கள் ஒழுங்கை முழுதும் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு வள்ளியம்மா அக்கா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்குள் குதித்துவிட்டார். பின்னாலே அவருடைய ஆடும் குதித்தது. பானையும் ஆடும் அவவும் அந்தச் சின்னக் குழிக்குள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். கஞ்சி முழுவதும் ஆடு குடித்துவிட்டதாம். இன்றுவரை அக்கா என்னோடு கதையில்லை.

இந்தச் சத்தத்துக்கு யார் பொறுப்பு என்று பார்க்க, எங்கள் ஒழுங்கையின் விமானத்தாக்குதல் காவலர் தவராசா வந்தார். நல்ல பிள்ளை. ஆனால் அரசாங்கம் அவருக்கு ஒரு இரும்புத் தொப்பி கொடுத்த நாளிலிருந்து அதைக் குளிக்கவும் கழற்றுவதில்லை என்று கேள்வி. வந்தவர் வாசல் படலையில் நின்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல் சன்னலுக்குக் கீழே குந்தியிருந்து கேட்டிருக்கிறார். உள்ளே நாங்கள் கதைத்தது இதுதான். "சீனன்குடாவில வெச்சு வெட்டுவன் பாருங்க." "நீங்க அங்க வெட்டினா நான் கந்தளாயில விடமாட்டன் காக்கா." "தம்பலகாமத்துல ஒண்டு நிக்குது, அதையும் வெட்டிப்போட்டா ரெயில் ஒண்டும் ஊர் போய்ச் சேராது." மச்சான், சன்னலுக்குக் கீழே நீங்கள் இருந்திருந்தாலும் ஓடியிருப்பீர்கள். தவராசாவும் ஓடினார். திரும்பி வரும்போது இரண்டு பொலிசுக்காரர்களோடு வந்தார்.

எங்களை நடத்திக்கொண்டு போனார்கள். முன்னாலே ஒரு பொலிசுக்காரர் அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கோயில் வாகனம் தூக்குகிறவர் மாதிரி நடந்தார். யுத்த நேரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிடிபட்ட, ரெயில் பாதை வரைந்த அட்டை, நிலையப் பெயர்கள் என் கையெழுத்தில். பொலிசு நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஐயா, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். வெட்டு என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். அதுதான் பிழையாய்ப் போயிற்று.

"சீனன்குடாவில் ரெயிலை வெட்டினது நீயோ?" என்று கேள்வி வந்தது.

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "இல்லை ஐயா, நான் வெட்டேல்லை. காக்காதான் வெட்டினவர். நான் கந்தளாயிலதான் வெட்டினனான்" என்றேன்.

காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தனை தரம்?"

"இண்டைக்கு ரெண்டு தரம் ஐயா. ஆறு விழுந்திருந்தால் இன்னும் வெட்டியிருப்பன்."

மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டது. ஆறு என்பதை அவர் என்னவாகச் சொன்னாரோ தெரியாது, இன்ஸ்பெக்டர் எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தில் மகாவலி கங்கையைத் தேடினார். காக்காதான் பொறுக்கமாட்டாமல், "ஐயா, சொன்னா வெளங்காது, இருங்க, ஆடிக் காட்டுறம்" என்று அட்டையை மேசையில் விரித்தார்.

பிறகு நடந்ததை எழுதினால் நம்பமாட்டீர்கள். இன்ஸ்பெக்டர் ஐயா எங்களோடு விளையாட இருந்தார். முதலில் விசாரணைக்காகத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆறு விழுந்தபோது 'கூ' என்று ஊதவும் செய்தார், வாசலில் நின்ற காவல்காரர் உள்ளே ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் நல்லபடியாகப் போகும் நேரத்தில் தம்பலகாமத்தில் வைத்துக் காக்கா அவரை வெட்டிவிட்டார். மேசைக்குக் கீழே அவருடைய காலை நான் மிதித்தேன். "வெட்டு வெட்டுத்தான் ஐயா, ஆளைப் பாத்து வெட்டுற இல்ல" என்று சொல்லி, இன்ஸ்பெக்டரின் இஞ்சினைத் திருக்கோணமலைக்கு அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. இன்னொருமுறை என்றார். அதிலும் வெட்டு. இன்னொருமுறை. வெல்லாமல் எங்களை விடுகிற யோசனை அவருக்கு இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. மறியலில் கிடப்பவனுக்கு வழக்குப் பேச அப்புக்காத்து வேண்டும், எங்களுக்கோ இன்ஸ்பெக்டருக்கு நல்ல எண் விழவேண்டும். பொழுது சாயும் நேரம், மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிறது என்று கண்ட காக்கா, கண்ணுக்கு முன்னால் கிடந்த ஒரு வெட்டைக் காணாதவர்போல எண்ணிக்கையைப் பிழையாக எண்ணினார். தாயத்தில் பிழை விட்டு அவரை நான் கண்டது அன்றுதான். இன்ஸ்பெக்டர் ஊர் போய்ச் சேர்ந்தார். காக்கா சந்தோசத்தில், "ஐயா பழம்!" என்றார். தாயத்தில் காய் வீடு சேர்ந்தால் பழம் என்பது உங்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் அதையும் பிழையில்லாமல் மொழிபெயர்க்க, இன்ஸ்பெக்டர் உடனே ஆளனுப்பி ஒரு சீப்புக் கதலிப்பழம் எடுப்பித்து, எங்களுக்கு ஆளுக்கொன்று தந்து, கையும் குலுக்கி அனுப்பிவிட்டார். அட்டையையும் இஞ்சின்களையும் கட்டையையும் மட்டும் தரவில்லை. இன்னும் ஆராயவேண்டுமாம். ஆராய்ச்சி நடக்கிறது என்று அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஊதல் சத்தம் வெளியே கேட்கிறதாம்.

அதனால் பிள்ளைக்காக நானே புதிதாக ஒரு அட்டை கீறியிருக்கிறேன், இத்தோடு வருகிறது. இஞ்சினுக்குப் பதிலாக நாலு சட்டைப் பொத்தான். கட்டையை மரத்துண்டில் செதுக்கினேன். ஒரு பக்கம் கொஞ்சம் பாரமாகிவிட்டது, அதனால் இரண்டுதான் அடிக்கடி விழும். ஆறு விழவில்லையென்று பிள்ளை முகம் கோணினால், நீங்கள் அவள் காணாமல் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். ஊர்ப்பெயர் ஒன்றும் எழுதவில்லை. நிலையங்களுக்குக் கத்தரி, வெண்டி, பூசணி, பயிற்றை என்று பெயர் வைத்திருக்கிறேன். இப்போது பூசணியில் வெட்டினேன் என்று நீங்கள் எவ்வளவு உரத்துச் சொன்னாலும் கறிக்கு என்றுதான் நினைப்பார்கள். மிச்ச விதிகள் இவைதான்: நிலக்கரிப் படம் உள்ள பெட்டிக்கு வந்தால் மூன்று பெட்டி முன்னுக்குப் போகலாம். தண்டவாளத்தில் மாடு நிற்கிற பெட்டிக்கு வந்தால் ஒரு முறை ஆடாமல் இருக்கவேண்டும், மாட்டை அடிக்கக்கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பயணியை ஏற்றவேண்டும், பயணிக்குப் புளியங்கொட்டை போதும். கடைசி நிலையத்துக்குச் சரியான எண் விழுந்துதான் போகலாம், கூட விழுந்தால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். பயணிகளோடு முதலில் போய்ச் சேர்ந்தவர் வென்றார். பிள்ளையை ஒருவரும் வெட்டக்கூடாது என்பது நான் சேர்த்த விதி. ஊதுகிற விதியை மட்டும் விட்டுவிடாதேங்கோ, மச்சான். முதலில் நீங்கள் மெல்ல ஊதுங்கள். பிறகு அவள் தானாக ஊதுவாள்.

இன்னொன்று. எங்களை நடத்திக்கொண்டு போனபோது மூதூர் வள்ளக்காரன் தம்பு இறங்குதுறையில் நின்று பார்த்தான். நாங்கள் பழத்தோடு வெளியே வருமுன் அவனுடைய வள்ளம் போய்விட்டது. ஆகவே அவனிடம் இருப்பது பாதிக் கதைதான். தம்பு பாதிக் கதையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனல்ல, மிச்சத்தைத் தானே செய்துகொள்வான். ஏதாவது காதில் விழுந்தால் நம்பவேண்டாம். இராசமலருக்குச் சொல்லவேண்டாம். பிள்ளைக்கு ஒரு சொல்லும் தெரியக்கூடாது. எந்தக் காரணத்தைக்கொண்டும் இந்த நேரத்தில் ஒருவரும் இங்கே வெளிக்கிட்டு வரவேண்டாம். வானம் இன்னும் நம்பக்கூடிய வானமாக இல்லை.

உங்கள் வயல் விளையவும், உங்கள் மாடுகள் பால் பெருகவும், எல்லோரும் ஒரே இலைவரிசையில் இருந்து சாப்பிடும் நாள் கெதியில் வரவும் கோணேசரை வேண்டி நிற்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
சி. இரத்தினசிங்கம்.

பி.கு.: மச்சான், கடிதத்தை ஒட்டப் பசை எடுக்க எழும்பினேன், படலை திறந்தது, நீங்களும் இராசமலரும் பிள்ளையும் நின்றீர்கள். இப்போது நீங்கள் என் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அறைக்குள் இருந்துகொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதுவது என்ன முறையோ தெரியாது. முன்னால் வந்து சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் இதிலேயே எழுதுகிறேன். இரத்தினசிங்கம் ரெயிலைத் துண்டாக வெட்டிப்போட்டு மறியலில் கிடக்கிறான், நாளைக்குத் தூக்காம் என்று தம்பு சொன்னானாம். இன்ஸ்பெக்டருக்கென்று நீங்கள் கொண்டுவந்த எருமைத் தயிரை நாங்களே சாப்பிடலாம். மேலே எழுதிய விதிகள் ஒன்றும் இனித் தேவையில்லை. துறைமுகத்துக்குள் வள்ளம் வரும்போது ஒரு பெரிய கப்பல் ஊதினதாம். இராசமலர் பாய்ந்து பிள்ளையின் காதைப் பொத்தப் போனாளாம். பிள்ளை கையைத் தட்டிவிட்டு, "விடுங்கோ அம்மா, பொலிசுக்குச் சொல்லவேண்டியதை நான் மறந்துபோடுவன்" என்றாளாம். நீங்கள் எல்லோரும் படலையில் என்னைக் கண்டு திகைத்து நின்றபோது, அவள் ஒரு அடி முன்னுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பாடமாக்கி வந்ததை என்னிடமே முழுதும் ஒப்புவித்தாள்: "ஐயா, எங்கட அப்பா ரெயிலை வெட்டமாட்டார். அவருக்கு ரெயில் எண்டால் விருப்பம். அவரை விடுங்கோ." விட்டுவிட்டார்கள் பிள்ளை, பழமும் தந்தார்கள் என்றேன். சரி, இரண்டு நாள் நின்றுவிட்டு மாமாவோடு வெருகலுக்குப் போகவேண்டும் என்று சொன்னதற்கு மாட்டேன் என்கிறாள். இங்கே ஊதுமே பிள்ளை என்றேன். ஊதட்டுமாம்.

"நான் போனால் உங்களைத் திரும்பவும் பிடிப்பினம். ஆர் வந்து சொல்லுறது?" என்று கேட்கிறாள்.